எழுத்தும் வரியும்: தமிழ்த்துறைகளின் மின்னுரைகளும் அணுகல்தன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்கள் பாடநூல்கள், ஆய்வேடுகள், வினாத்தாள்கள், சுற்றறிக்கைகள் ஆகியவற்றை இணையவழி வழங்கத் தொடங்கிய பின்னர், பார்வை மாற்றுத்திறன் கொண்ட தமிழ் மாணவர் தாமே படிக்கும் வாய்ப்பு விரிந்திருக்க வேண்டும். ஆயினும் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் பல கோப்புகள் திரைவாசிப்பானுக்குத் தமிழாக அமைவதில்லை. இதற்குரிய காரணங்களைக் குறியேற்றம், உரைக்கட்டமைப்பு, ஒலிப்பு என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் உரைகளைப் பொறுத்தவரை அணுகல்தன்மை என்பது கணிப்பொறி மையம் மட்டுமே செய்து முடிக்கத்தக்க தொழில்நுட்பப் பணி அன்று. எழுத்திலக்கணமும் பதிப்புநெறியும் அறிந்தோர் மேற்கொள்ள வேண்டிய பணி என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: அணுகல்தன்மை, ஒருங்குறி, திரைவாசிப்பான், பிரெயில், மின்பதிப்பு, பாடச்சிதைவு, சொற்பிரிப்பு

முன்னுரை

இணையம் அனைவருக்கும் பயன்பட வேண்டும் என்னும் நோக்கில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1997-இல் அணுகல்தன்மைக்கெனத் தனி முன்முயற்சி ஒன்றைத் தொடங்கியது. அதன் வழியாக வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் 1999-இல் முதன்முறையாக வெளியாயின. அவற்றின் இரண்டாம் பதிப்பு 2008-இலும், அதன் விரிவாக்கங்கள் 2018, 2023 ஆகிய ஆண்டுகளிலும் வந்தன. உணரத்தக்கதாதல், இயக்கத்தக்கதாதல், விளங்கத்தக்கதாதல், பல கருவிகளிலும் நிலைத்துச் செயற்படுதல் என்னும் நான்கு கொள்கைகள் இந்நெறிகளுக்கு அடிப்படை.

இந்நெறிகள் மொழிப்பொதுவானவை. படத்துக்கு மாற்றுரை தருதல், சுட்டியின்றி விசைப்பலகையால் இயக்க இடமளித்தல், எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு வைத்தல் போன்ற விதிகள் எம்மொழித் தளத்துக்கும் ஒக்கும். ஆனால் ஒரு மொழியின் உரை அம்மொழியின் உரையாகக் கணிப்பொறிக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை அவை முன்கொண்டே பேசுகின்றன. தமிழ்க் கோப்புகள் பலவற்றில் இந்த முன்கோளே பொருந்துவதில்லை. எனவே தமிழ்த்துறைகளில் அணுகல்தன்மை குறித்த ஆய்வு, வழிகாட்டு நெறிகளுக்கும் ஒரு படி முன்னதாக, எழுத்து என்பது யாது என்னும் வினாவிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

ஒலிவடிவும் வரிவடிவும்

எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இருவகை வடிவம் உண்டு என்பது தமிழ் இலக்கண மரபு. பார்வையுள்ள வாசகர் வரிவடிவைக் கண்டு ஒலிவடிவை உணர்கிறார். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் வரிவடிவைக் காண்பதில்லை. கோப்பில் சேமிக்கப்பட்டுள்ள குறியெண்களைப் பெற்று, அவற்றை ஒலித்தொகுப்பியிடமோ பிரெயில் காட்சிக்கருவியிடமோ ஒப்படைக்கிறது. ஆகவே திரையில் என்ன தோன்றுகிறது என்பதைக் காட்டிலும் கோப்பில் என்ன இருக்கிறது என்பதே அவ்வாசகருக்கு முதன்மையானது.

தமிழ்க் கணிமையின் தொடக்கக் காலத்தில் உருவான எழுத்துருக்கள் பலவும் அச்சுத்தேவையை நிறைவு செய்ய எழுந்தவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தட்டச்சிடும்போது கோப்பில் பதிவாவன ‘ஜே, கே, பி, ஓ’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவ்வைந்து குறிகளின் மீது தமிழ் வரிவடிவங்கள் போர்த்தப்பட்டுள்ளன. கண் அப்போர்வையைப் படிக்கிறது. திரைவாசிப்பானோ அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளைப் படிக்கிறது. இவ்வாறு தட்டச்சிடப்பட்ட ஓர் ஆய்வேட்டைக் கேட்பவருக்கு முதல் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை பொருளற்ற ஆங்கில ஒலிகளே எஞ்சும். வானவில் முதலிய பிற தனியார் குறியேற்றங்களிலும் விளைவு இத்தகையதே. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் ஆகிய எட்டுத் துணுக்குக் குறியேற்றங்கள் எழுத்துருக்களை ஒருமுகப்படுத்த முயன்றன. எனினும் அவையும் உரிய எழுத்துரு இன்றிப் பிற கருவிகளில் தமிழாக அறியப்படவில்லை.

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனித்தொகுதி உண்டு. அங்கு ‘தமிழ்’ என்பது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாகப் பதிவாகிறது. எழுத்துரு மாறினாலும் குறியெண் மாறுவதில்லை. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றமாகிய பதினாறு துணுக்குத் தேசையும் தரமாக அறிவித்தது. இன்று திரைவாசிப்பான்களும் கைப்பேசிகளும் தேடுபொறிகளும் பொதுவாக ஏற்பது ஒருங்குறியையே.

இவ்விடத்து இலக்கணத் தொடர்பு ஒன்று கருதத்தக்கது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக நிற்கும் என்பது தொல்காப்பிய நூன்மரபு கூறும் இயல்பு. ‘கெ’ என எழுதும்போது கொம்பு இடப்புறம் முந்தி நிற்பினும் ஒலியில் ககரமே முந்துகிறது. ஒருங்குறி இவ்வொலிவரிசையைப் பின்பற்றி முதலில் ககரத்தையும் பின்னர் எகரக்குறியையும் சேமிக்கிறது. பழைய எழுத்துருக்களோ அச்சுக்கோப்பவர் கண்ட வரிவரிசையைப் பின்பற்றிக் கொம்பை முன்னும் ககரத்தை அடுத்தும் சேமித்தன. ஒருங்குறிக் கோப்பிலிருந்து உருவாக்கப்பட்ட பிடிஎஃப் ஆவணங்கள் சிலவற்றில்கூட, உட்பொதிந்த எழுத்துரு முறையாக வரைபடுத்தப்படாமையால், உரையைப் பிரித்தெடுக்கும்போது கொம்புகள் இடம்மாறிச் சொற்கள் குலைகின்றன. அச்சுப்படியில் இக்குறை சிறிதும் தெரிவதில்லை.

ஒத்த வரிவடிவம், வேறு எழுத்து

ஒருங்குறியில் தட்டச்சிடப்பட்டது என்பதால் மட்டும் ஓர் உரை பிழையற்றதாகிவிடாது. வரிவடிவில் ஒத்தும் குறியெண்ணில் வேறுபட்டும் நிற்கும் எழுத்துகள் தமிழில் பல. ‘ஔவையார்’ என்னும் பெயரின் முதலெழுத்து ஒரே குறியெண் உடையது. அதனை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து ‘ஒளவையார்’ எனத் தட்டச்சிடுவோர் உளர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. செவிக்கு இரண்டாவது பெயர் வேறொரு சொல்லாகிவிடுகிறது. தேடுபொறியும் அப்பெயரைக் கண்டடையாது. ஔகார உயிர்மெய்களிலும் ளகரம் இடும் வழக்கால் இதே தவறு நேர்கிறது.

தமிழெண்களில் இச்சிக்கல் மேலும் நுண்ணியது. ஒன்றைக் குறிக்கும் எண் ககரத்தையும், இரண்டைக் குறிக்கும் எண் உகரத்தையும், ஏழைக் குறிக்கும் எண் எகரத்தையும், எட்டைக் குறிக்கும் எண் அகரத்தையும் வடிவில் ஒத்திருக்கின்றன. செய்யுள் எண்களைத் தமிழெண்ணில் தரும் பதிப்புகளை மின்னுரையாக்கும்போது எண்ணுக்கு மாற்றாக எழுத்தை இட்டால், வாசகர் எட்டாம் பாடல் எனக் கேட்க வேண்டிய இடத்தில் அகரத்தைக் கேட்கிறார். கல்வெட்டுகளிலும் கணக்கேடுகளிலும் வரும் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் 2019-இல் ஒருங்குறியின் தமிழ் இணைப்புத் தொகுதியாக 51 குறிகளுடன் சேர்க்கப்பட்டன. அவற்றைப் படமாக ஒட்டாமல் உரிய குறியெண்ணாலேயே எழுத இன்று வழியுண்டு. வாசிப்புக் கருவிகள் அவற்றை ஒலிக்குமாறு பயிற்றுவதும் உடன் நிகழ வேண்டும்.

வருடிய பக்கமும் உரையும்

நூலகங்கள் அரிய நூல்களை வருடி இணையத்தில் இடுவது போற்றத்தக்க பணி. ஆயினும் வருடிய பக்கம் பார்வையற்ற வாசகருக்கு வெற்றுத்தாளுக்கு ஒப்பானது. அது உரையின் படமேயன்றி உரை அன்று. அதனை உரையாக்க ஒளியெழுத்துணரி உதவுகிறது. ஆனால் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன பழைய வடிவில் உள்ளன. இக்கால அச்சைக் கொண்டு பயிற்றப்பட்ட உணரிகள் அவ்வடிவங்களில் தடுமாறுகின்றன. ரகரமும் ஆகாரக்காலும் தம்முள் மயங்குவதும் இயல்பு. ஆகவே உணரி தந்த உரையை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது இன்றியமையாதது. 1998 முதல் தன்னார்வலர் உழைப்பால் இயங்கும் மதுரைத் திட்டமும், வருடிய பக்கத்தையும் தட்டச்சுரையையும் அருகருகே வைத்து மெய்ப்புப் பார்க்கும் தமிழ் விக்கிமூலமும் இப்பணிக்கு நல்ல முன்மாதிரிகள். ஒப்பிட்டுத் திருத்துதல் தமிழ்த்துறை மாணவர் பயில வேண்டிய பதிப்புப் பயிற்சியும் ஆகும்.

கட்டமைப்பும் பாடச்சிதைவும்

அச்சுப்பதிப்பில் மூலமும் உரையும் எழுத்தின் அளவாலும் தடிமனாலும் வேறுபடுத்தப்படுகின்றன. துறை, திணை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகிய குறிப்புகள் இடத்தாலும் எழுத்துருவாலும் இனங்காணப்படுகின்றன. செவிவழி வாசகருக்கு அளவும் தடிமனும் இல்லை. மூலம் எங்கு முடிந்து பழையவுரை எங்குத் தொடங்குகிறது என்பது தெரியாமல் இரண்டும் ஒரே ஓட்டமாகக் கேட்கும். மூலம், துறை விளக்கம், உரை, பாடவேறுபாடு ஆகிய ஒவ்வொன்றையும் வலைப்பக்கத்தில் தலைப்புநிலைகளாகக் குறித்தால், அவர் ஒரு விசையால் பாடலிலிருந்து பாடலுக்கும், மூலத்திலிருந்து உரைக்கும் தாவிச் செல்லலாம். காட்சி வேறுபாட்டால் உணர்த்தப்படும் தொடர்பு, கருவி அறியத்தக்க கட்டமைப்பாகவும் தரப்பட வேண்டும் என்னும் பொதுநெறி தமிழ்ப் பதிப்பில் பெறும் வடிவம் இதுவாகும்.

சிதைந்த பாடல்களில் இதன் விளைவு கடுமையானது. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் முற்றும் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகளும் சீர்களும் சிதைந்துள்ளன. பதிப்பாசிரியர்கள் அவ்விடங்களைப் புள்ளிவரிசையால் காட்டினர். திரைவாசிப்பான் தன் அமைப்புக்கேற்பப் புள்ளிவரிசையை முழுவதும் விட்டுவிடலாம். அல்லது ‘புள்ளி, புள்ளி’ என அடுக்கிக் கூறலாம். விட்டுவிட்டால் சிதைந்த பாடல் நிறைவான பாடலாகக் கேட்கும். அதன்மேல் எழும் யாப்பாய்வும் பொருளாய்வும் பிழைபடும். ‘இங்கு இரண்டு சீர்கள் சிதைந்துள்ளன’ என்னும் ஒரு தொடர் அப்பிழையைத் தவிர்க்கும். மேலெழுத்தாகச் சொல்லோடு ஒட்டி நிற்கும் அடிக்குறிப்பெண்களும் இவ்வாறே சொல்லின் பகுதியாகவும் செய்யுளெண்ணாகவும் மயங்குவதால், அவற்றைக் குறிப்புக்குச் சென்று மீளும் இணைப்புகளாக அமைத்தல் தகும்.

சீர்பிரிப்பும் சொற்பிரிப்பும் தனியே எண்ணத்தக்கவை. செய்யுளைச் சீர் பிரித்து அச்சிடும்போது ஒரு சொல் இரு சீர்களில் பிளவுபடுதலை வகையுளி என்பர். கண்ணால் படிப்பவர் அதனை மனத்தளவில் ஒட்டிக்கொள்கிறார். ஒலித்தொகுப்பியோ இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொண்டு இரு துண்டுகளையும் வெவ்வேறு சொற்களாக ஒலிக்கிறது. மாறாக, புணர்ச்சி பிரிக்காமல் நீளத் தொடரும் உரையில் எல்லை எதுவும் அதற்குப் புலப்படுவதில்லை. 1950-களில் மர்ரே எஸ். இராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் பொதுவாசகர் பழந்தமிழ் நூல்களை அணுக வழிசெய்தன. அதே நெறியில், யாப்பு வடிவத்தையும் சொற்பிரிப்பு வடிவத்தையும் ஒரே பக்கத்தில் தனித்தனிப் பகுதிகளாகத் தரும் மின்பதிப்பு, செவிவழி வாசகருக்கும் முதனிலை மாணவருக்கும் ஒருங்கே பயன்படும்.

ஒலிப்பும் எழுத்துக்கல்வியும்

தமிழ் வல்லெழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலிப்பு வேறுபடுபவை. சொல்முதலில் ஒருவகையாகவும், மெல்லெழுத்தின் பின் ஒருவகையாகவும், உயிரிடையில் ஒருவகையாகவும் ககரம் ஒலிக்கும். சொல்லீற்றுக் குற்றியலுகரம் குறுகி ஒலிக்கும். கட்டற்ற மென்பொருளாகிய என்விடிஏ திரைவாசிப்பானோடு இயங்கும் ஈஸ்பீக் ஒலித்தொகுப்பி தமிழுக்குரிய விதிகளைக் கொண்டுள்ளது. கைப்பேசிகளிலும் தமிழ்க்குரல்கள் உள்ளன. எனினும் பக்கத்தின் மொழி தமிழ் என்று வலைநிரலில் குறிக்கப்படாவிடில், உரிய குரலைத் தேரும் வழி கருவிக்கு இல்லாமற்போகலாம். தமிழ்ப் பக்கத்தில் இடையே வரும் ஆங்கிலப் பகுதிகளுக்கும் அவற்றின் மொழி தனியே குறிக்கப்பட வேண்டும். ‘தொல். சொல்.’, ‘புறம்.’ போன்ற நூற்சுருக்கங்களுக்கு விரிவு தருவதும் இத்தகைய தேவையே.

செவிவழி வாசிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. நகர, னகரங்கள் ஒலியால் பிரித்தறிய இயலாத அளவு ஒன்றியுள்ளன; ரகர, றகரமும் பலர் ஒலிப்பில் மயங்குகின்றன. கேட்டு மட்டும் பயிலும் மாணவர் எழுத்துப்பிழையின்றி எழுதக் கற்பது அரிது. தமிழாசிரியராக விரும்பும் ஒருவருக்கு இது சிறிய இடர் அன்று. இதனை ஈடுசெய்வது பிரெயில். இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் தமிழெழுத்துகளுக்குத் தனித்தனிப் புள்ளியமைப்புகள் உள்ளன. ஒருங்குறியில் அமைந்த உரையை மென்பொருள் வழியே பிரெயிலாக மாற்றலாம்; பழைய எழுத்துருவில் அமைந்ததை நேரே மாற்ற இயலாது. மேலும், திரைவாசிப்பான்களில் எழுத்தை விளக்கிச் சொல்லும் கோப்பு என ஓர் அமைப்பு உண்டு. தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் எனத் தமிழ்மரபு வழங்கிவரும் பெயர்கள் அக்கோப்புக்கு மிகப் பொருந்துவன.

சட்டநிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. இந்தியா 2007-இல் அதற்கு ஏற்பளித்தது. அதனை ஒட்டி இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களின் கடமைகளையும், 42-ஆம் பிரிவு மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் அமைய வேண்டுவதையும் கூறுகின்றன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைத் தரங்களைப் பரிந்துரை அளவில் நிறுத்திய விதியைச் சட்டத்துக்குப் புறம்பானது எனக் கண்டு, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 2025 ஏப்ரலில் மற்றொரு வழக்கில், மின்னணு அணுக்கம் வாழ்வுரிமையின் கூறு என்றும் தீர்ப்பளித்தது.

காப்புரிமையும் தடையாக நிற்பதில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அணுகத்தக்க வடிவில் ஆக்குவதற்கு விலக்களித்தது. இதே நோக்குடைய மாரகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலாவதாக ஏற்பளித்த நாடு இந்தியா. தமிழ்ப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதியான பழந்தமிழ் மூலங்களுக்குக் காப்புரிமை இல்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் மிகப்பல. எனவே தமிழ்த்துறைகளில் அணுகத்தக்க உரை இல்லாமைக்குச் சட்டத்தைக் காரணமாகக் காட்ட இயலாது.

துறைகள் மேற்கொள்ளத்தக்க நடைமுறை

முதலாவதாக, ஆய்வேடுகளும் வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் ஒருங்குறியில் மட்டுமே பெறப்பட வேண்டும். வருடிய படியோ அச்சுக்குரிய பிடிஎஃப் கோப்போ மட்டும் போதாது; திருத்தத்தக்க மூலக்கோப்பும் உடன் பெறப்பட வேண்டும். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றியமைக்கும்போது அவற்றிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்துகளாக மாறிச் சிதையும். இரண்டும் ஒரே குறியெண்களால் ஆனமையே காரணம். ஆகவே மாற்றத்துக்குப் பின் மெய்ப்புத் திருத்தம் தவிர்க்க முடியாதது.

இரண்டாவதாக, தலைப்பு, பட்டியல், அட்டவணை, மேற்கோள், அடிக்குறிப்பு ஆகியவை தடித்த எழுத்தாலும் இடைவெளியாலும் போலச்செய்யப்படாமல் உரிய பாணிகளால் குறிக்கப்பட வேண்டும். ஆய்வேட்டு வடிவமைப்பு விதிகளில் எழுத்தின் அளவையும் ஓரவெளியையும் வரையறுக்கும் நிறுவனங்கள் இதனையும் வரையறுக்கலாம்.

மூன்றாவதாக, கல்வெட்டு மைப்படி, ஓலைச்சுவடி, சிற்பம் ஆகியவற்றின் படங்களுக்குப் பொருளுள்ள மாற்றுரை வேண்டும். ‘படம் 3’ என்பது மாற்றுரை அன்று. எத்தனை வரிகள், எவ்வகை எழுத்து, எங்குச் சிதைவு, வாசகம் யாது என்பவற்றைக் கூறுவதே மாற்றுரை; கல்வெட்டியல் அறிந்தவரே அதனை எழுத இயலும்.

நான்காவதாக, சேர்க்கைப் படிவம், கட்டண அறிவிப்பு, தேர்வு அட்டவணை ஆகியவை கையொப்பமிட்ட தாளின் நிழற்படமாக மட்டும் வெளியிடப்படாமல் உரையாகவும் வெளியிடப்பட வேண்டும். வகுப்புக் காணொலிகளுக்குத் தமிழ் எழுத்துரை சேர்ப்பது செவித்திறன் குறைந்த மாணவருக்கு இன்றியமையாதது.

ஐந்தாவதாக, தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்றுரை உண்டா என்பதைக் காட்டுமேயன்றி அது சரியா என்பதைக் காட்டா. ஔகாரத்தை ளகரத்தால் எழுதியதையும் அவை கண்டறிவதில்லை. ஆதலால் துறையில் பயிலும் பார்வை மாற்றுத்திறன் கொண்ட ஆய்வாளர்களை மின்பதிப்புப் பணியில் உரிய மதிப்புடனும் ஊதியத்துடனும் மெய்ப்பாளர்களாக இணைத்தல் வேண்டும். செவியால் மெய்ப்புப் பார்ப்பவர் கண் தவறவிட்ட பிழையைக் கண்டறிவார்.

முடிவுரை

தமிழ் மின்னுரைகளின் அணுகல்தன்மைக் குறைகள் முதன்மையாக மூவகைப்படுகின்றன: வரிவடிவை எழுத்தாகக் கொண்ட குறியேற்றம், காட்சியால் மட்டும் உணர்த்தப்பட்ட கட்டமைப்பு, மொழியும் சொல்லெல்லையும் குறிக்கப்படாத ஒலிப்பு. இம்மூன்றையும் களைவதற்குரிய கருவிகள் பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, சட்டமும் துணைநிற்கிறது. இவற்றைத் தமிழ் உரைகளுக்குப் பொருத்துவதற்கு எழுத்தியல், யாப்பியல், பாடத் திறனாய்வு, கல்வெட்டியல் ஆகிய துறையறிவு தேவை.

பார்வை மாற்றுத்திறன் கொண்ட மாணவர் பிறர் படிக்கக் கேட்டுத் தேர்வெழுதுவதற்கும், ஒரு சொல்லின் ஆட்சியைத் தாமே தேடி, பாடவேறுபாட்டைத் தாமே ஒப்பிட்டு, முடிவுக்கு வருவதற்கும் உள்ள இடைவெளி பெரிது. முன்னதில் படித்துக்காட்டுபவரின் நேரமும் அவர் தேர்ந்த பகுதியும் மாணவரின் ஆய்வெல்லையாகின்றன. பின்னதில் அவ்வெல்லையை மாணவரே வகுத்துக்கொள்கிறார். ஏட்டிலிருந்து அச்சுக்குப் பெயர்ந்தபோது தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டனர், அடி பிரித்தனர், அரும்பத அகராதி சேர்த்தனர். அச்சிலிருந்து மின்வடிவுக்குப் பெயரும் இக்காலத்துக்கு உரிய பதிப்புக் கடமைகளுள் மேற்கூறிய ஐந்தும் அடங்கும். அவற்றுள் முதலாவதாகிய ஒருங்குறி விதியை, நடப்புக் கல்வியாண்டில் பெறப்படும் ஆய்வேடுகளிலிருந்தே ஒவ்வொரு துறையும் நடைமுறைப்படுத்த இயலும்.